நாற்பது நிமிஷம்

மார்ச் 9

அன்புள்ள பொடிசுக்கு,

பதிவு அலுவலகத்தின் வாசற்படியில் நின்றுகொண்டு உன் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "வழியில என்ன மாமா ஆச்சு?" கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். பாப்பா கவலையோடு கேட்டாள். எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்திருக்கிறாள். நான், "டயர் பஞ்சர்ம்மா" என்றேன்.

டயர் பஞ்சர் ஆகவில்லை. வண்டியில் வந்த மற்ற மூன்று பேருக்கும் அது தெரியும். உன் அண்ணி சட்டென்று நோட்டீஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாய்.

ஊர் திரும்பியதிலிருந்து நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான். எடுத்திருந்தால் இன்னொரு டயரையும் பஞ்சர் ஆக்கியிருப்பேன். எழுதும்போது கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கிறது.

என் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஆறு மணி ரயில் என்றால் வீட்டில் ஐந்து மணி என்பேன். பள்ளிச் சுற்றுலா என்றாலும் அப்படித்தான். முப்பத்து நான்கு வருஷ வாத்தியார் வேலையில் ஒரு பிள்ளையும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்று பெருமை வேறு. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை நாளைக்கு ஏமாறுவார்கள்? மருமகள் வந்த புதிதில் என் மகன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: "அப்பா சொல்ற நேரத்தோட ஒண்ணைக் கூட்டிக்கோ."

பாப்பா என்னைத் தன் கல்யாணப் பதிவுக்கு அழைத்தபோது, "அப்பா இருந்திருந்தா அவர் சாட்சிக் கையெழுத்து போட்டிருப்பார், நீங்க போடுங்க மாமா" என்றாள். அந்தக் காரியத்துக்குப் பொய்யோடு கிளம்பக்கூடாது என்று தோன்றியது. நீ பத்து மணி என்று எழுதியிருந்தாய். வீட்டிலும் பத்து மணி என்றே சொன்னேன். முதல்முறையாக உண்மை நேரம். ஆனால் இது உண்மை நேரம் என்று சொல்ல மறந்துவிட்டேன். சூத்திரத்தை மாற்றிவிட்டு வகுப்புக்குச் சொல்லாத வாத்தியாரை என்ன சொல்வது?

முதல் நாள் ஒன்பது மணி நேரப் பயணம். ராத்திரி ஒரு லாட்ஜில் தங்கினோம். அங்கிருந்து பதிவு அலுவலகம் மூன்று மணி நேரம். காலை ஆறரைக்கே பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மணிக்கு மகன் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா அதுக்குள்ள? பதினொண்ணுக்குத்தானே?"

"இல்லடா. உண்மையாவே பத்து மணி."

"உண்மையாவேன்னு சொன்னா ஒண்ணரை மணி கூட்டணும் போலிருக்கே" என்று உள்ளேயிருந்து மருமகளின் குரல். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சத்தியம் செய்தேன். அதற்கும் சிரித்தார்கள். கிளம்பும்போது ஏழு நாற்பது.

இதுதான் நடந்தது. என் தவறுதான். பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

மார்ச் 20

அண்ணனுக்கு,

நான் நலம். பாப்பாவும் மாப்பிள்ளையும் நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

பஸ் டெப்போவில் இருபத்தாறு வருஷம் டைம் கீப்பராக இருந்தவளுக்கு நீ நேரக் கணக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய். அதனால் நானும் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொடுத்த நேரம் பத்தரை. உனக்குப் பத்து என்று எழுதினேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான். ஒரு மணி நேரம் சேர்க்க மனம் வரவில்லை, அண்ணனாயிற்றே என்று அரை மணியோடு நிறுத்திக்கொண்டேன்.

பத்தரைக்கு நீ வரவில்லை. அந்த அலுவலர் நல்ல பெண். எங்களுக்குப் பின்னால் இருந்த இரண்டு ஜோடிகளை முன்னால் கூப்பிட்டார். "பதினொண்ணு வரைக்கும் பார்க்கலாம்மா. அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். பதினொன்று ஆயிற்று. பெண் பக்கம் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று நான் போட்டேன். இன்னொன்றுக்கு ஆள் இல்லை. நம் பக்கம் என்று சொல்ல நீங்கள் நான்கு பேர்தானே? மாப்பிள்ளையின் சித்தப்பா, "நான் போடட்டுமா?" என்று கேட்டார். பாப்பா தலையை ஆட்டிவிட்டு, "எங்க பக்கம் வந்தவங்கதான் போடணும்" என்றாள். நாங்கள் கூட்டிவந்த இன்னொரு ஆள் போட்டோகிராபர் மட்டும்தான். அவர் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

அதனால் பாப்பா பதிவேட்டில் கையெழுத்துப் போடும் படம் நம்மிடம் இல்லை. எடுக்க வேண்டியவர் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஏழு நாற்பதுக்குக் கிளம்பியதாக நீயே எழுதியிருக்கிறாய். மூன்று மணி நேரப் பாதை. பத்து நாற்பதுக்கு வந்திருக்க வேண்டும். நான் சேர்த்த அரை மணியும் அந்த அம்மாள் கொடுத்த அரை மணியும் உனக்குப் போதும், மிச்சமும் இருக்கும். நீ படியேறியது பதினொன்று இருபதுக்கு. ஒன்பதே காலுக்கு உனக்குப் போன் செய்தேன். மணி முழுதாக அடித்து நின்றது.

நாற்பது நிமிஷம் எங்கே, அண்ணா?

மாப்பிள்ளைக்கு லிப்ட் ரிப்பேர் செய்யும் வேலை என்று நான் சொன்ன அன்று, நீ போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். இந்த நாற்பது நிமிஷமும் அதுதானா? வர விருப்பமில்லையென்றால் சொல்லியிருக்கலாம். சாட்சி நாற்காலியில் வேறு யாரையாவது உட்காரவைத்திருப்பேன்.

தங்கை

*

மார்ச் 27

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கணக்கு சரி. ஒரு இடத்தில்கூடச் சிவப்பு மை போட முடியாது.

மாப்பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் போனில் நான் பேசாமல் இருந்தது தப்பு. அலுவலக வேலையில் இருப்பவராகப் பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன், நினைத்ததை விழுங்கினேன், நீ விழுங்கிய சத்தத்தைக் கேட்டுவிட்டாய். ஆனால் இந்த நாற்பது நிமிஷம் அதுவல்ல. அதுவாக இருந்தால் நீ என்மேல் கோபப்படுவது சுலபமாக இருக்கும்.

ஒன்பது மணிக்குப் பெட்ரோல் போட நிறுத்தினோம். பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. உன் அண்ணியும் மருமகளும் கால் மரத்துப்போச்சென்று கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நடக்கப் போனார்கள். நானும் மகனும் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

உனக்குத் தெரியும், அவன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடமே படித்தான். தாமதமாக வந்தால் மற்ற பிள்ளைகளைப் பத்து நிமிஷம் வெளியே நிறுத்துவேன். இவனை மட்டும் பீரியட் முழுக்க நிறுத்துவேன். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே. அந்த வருஷத்தோடு அவன் என்னிடம் பேசுவது மூன்று வார்த்தையில் முடிந்துபோயிற்று: "ம்", "சரி", "சாப்பிட்டாச்சு." ஏதாவது காரியம் இருந்தால் ஒரு கேள்வி, மற்றபடி இருபத்திரண்டு வருஷமாக அந்த மூன்றுதான்.

அன்றைக்கு டீயை ஊதிக்கொண்டே அவனாக ஆரம்பித்தான்.

"அப்பா, ஆறு மணி டூர் பஸ்ஸுக்கு எங்களை அஞ்சு மணிக்கே வரச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"எல்லா டூருக்கும் அப்படித்தானேடா சொன்னேன்."

"அது எங்களுக்குத் தெரியாதுல்ல. நாப்பது பேர் விடியறதுக்கு முன்னாடி கேட்டுக்கு வெளியில நின்னோம். சுவரேறிக் குதிச்சு நம்ம வகுப்புக்குள்ள போயிட்டோம். ஒவ்வொருத்தனா உங்க நாற்காலியில உட்கார்ந்து உங்களை மாதிரி பேசணும். அதான் போட்டி."

"யாருடா ஜெயிச்சது?"

மகன் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினான். ஒரு விரலை உயர்த்தினான். "உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன்" என்றான் என் குரலிலேயே. "இப்ப இவன் இருக்கான். இவனை ஒரு தீபகற்பம்னு வெச்சுக்குவோம். மூணு பக்கமும் தண்ணி, ஒரு பக்கம் மட்டும் மூளை."

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அவனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொண்டு, "ஸ்கூல்ல எனக்குப் பிடிச்சதே அந்த ஒரு மணி நேரம்தான்ப்பா" என்றான்.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். "பொடிசு" என்று இருந்தது.

"யாருப்பா?"

"எவனோ விளம்பரக்காரன்" என்று மறுபடி பைக்குள் வைத்தேன். அது அடித்து ஓயும்வரை மகன் அடுத்த கதையை நிறுத்திவைத்திருந்தான். ஓய்ந்ததும் தொடர்ந்தான். நான் சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தை மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்கு எப்படியும் வர முடியாது, தாமதம் தாமதம்தான், இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பீரியட் போய்விட்டதே என்று இரண்டாவது பீரியடுக்கும் மட்டம் போடும் பையன்களை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்? நீ எனக்காக அரை மணி சேர்த்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அண்ணி வந்து, "என்னங்க, கிளம்பலையா?" என்று கேட்கும்போது ஒன்பது நாற்பது.

நாற்பது நிமிஷமும் அங்கேதான் இருக்கிறது, பொடிசு. வேறெங்கும் போகவில்லை.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 30

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன்.

மகனோடு உட்கார்ந்து சிரித்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை பேசாமல் இருந்தால் பெற்றவர்களுக்கு எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் போன் செய்தது ஒன்பதே காலுக்கு. அப்போதே எழுந்திருந்தால்கூடப் பத்து ஐம்பத்தைந்துக்கு வந்திருப்பாய். ஐந்து நிமிஷம் மிச்சம். டெப்போவில் ஐந்து நிமிஷம் மிச்சமிருக்கும் வண்டியை நாங்கள் தாமதம் என்று எழுத மாட்டோம்.

பாப்பாவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயசில் டயர் மாற்றினால் மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்குமே என்று இரண்டு தரம் வருத்தப்பட்டாள். மாப்பிள்ளை, "அடுத்த தடவை வரும்போது ஸ்பேர் வீலை நான் பார்த்துத் தரேன், கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்கத்தை" என்கிறார். உன் பஞ்சரை நானும் சேர்ந்து தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

சான்றிதழ் வந்துவிட்டது. பாப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அங்கே போகும்போதெல்லாம் போட்டோகிராபரின் பெயர்தான் முதலில் கண்ணில் படுகிறது. கையெழுத்து அழகாக இருக்கிறது.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன். மகன் இப்போது உன்னிடம் பேசுகிறானா? அதை மட்டும் எப்போதாவது தெரியப்படுத்து.

தங்கை

*

ஜூன் 18

அன்புள்ள பொடிசுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஏழு வாரம் எழுதவில்லை. ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். அதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்.

பேசவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் பழையபடி "ம்", "சரி", "சாப்பிட்டாச்சு." போன மாதம் ஒரு நாள் நானே அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து உன் போன் வந்ததைச் சொன்னேன். விளம்பரக்காரன் இல்லை, அத்தை என்று. அவன் சொன்னான்:

"சொல்லியிருந்தா ஓட்டிக்கிட்டே பேசியிருப்பேனேப்பா."

ஆமாம். வண்டியில் இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருந்தது. நான் முன் சீட்டில், அவன் பக்கத்தில். கதை எங்கும் ஓடிப்போயிருக்காது. எழுந்தால் கலைந்துவிடும் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். கடைசியில் அந்த இரண்டு மணி நேரமும், தாமதமாகிவிட்டதென்ற பயத்தில் வண்டிக்குள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் போன திங்கட்கிழமை தனியாக எழுதிவிட்டேன். டயர் நல்ல டயர், முதுகும் நல்ல முதுகு, மாமாதான் சரியில்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். மாப்பிள்ளையின் வேலையைக் கேட்டு நான் பேசாமல் இருந்ததையும் எழுதினேன். இனி நீ எதையும் தள்ள வேண்டாம். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் நியாயம்தான்.

நேரத்தில் ஒரு மணி குறைத்துச் சொல்வதை விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. போன வாரம் கண் டாக்டரிடம் ஐந்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன், ஐந்து என்றே சொன்னேன். ஆறு மணிக்குக் கூட்டிப்போனார்கள். என் முறை போய்விட்டது. எல்லோரும் பார்த்து முடித்து வெளியே வரும்வரை அந்த நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி, "அஞ்சுன்னா அஞ்சா?" என்று ஆச்சரியப்பட்டாள். என்னை நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதமோ அடுத்த வருஷமோ, என்றைக்காவது என்னைக் கூப்பிடத் தோன்றினால் ஒரு வரி எழுது. வண்டி வேண்டாம், நான் மட்டும் பஸ்ஸில் வருகிறேன். ஆனால் எனக்காக அரை மணி சேர்க்காதே.

உள்ள நேரத்தை உள்ளபடி ஒருமுறை எழுதிப் பார்.

உன் அண்ணன்