கட்டிலுக்கு அடியில் ஒரு சூரியப் பலகை

1996 மார்ச் 12, செவ்வாய்

இன்று நான் சொல்லாதது: மொட்டைமாடியில் இருப்பது வெயிலில் கரண்ட் எடுக்கும் பலகை என்று.

மேல்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார ஹாஜியார் படியில் மறித்துக் கேட்டார். “மகள், மேல நீலமா ஒரு பலகை ஈக்குதே. வயரும் கீழ உங்கட ரூமுக்கு இறங்குது. என்ன அது?”

சிரித்தேன். “அண்ணாவைக் கேட்டுச் சொல்லுறன்” என்று இறங்கிவிட்டேன். பயம்தான். வயர், பற்றரி, யாழ்ப்பாணத்துப் பொடியன் மூன்றையும் ஒரே வசனத்தில், ஜனவரியில் குண்டு வெடித்த கொழும்பில் யார் சொல்லுவார்கள்?

அண்ணாவின் கம்பனி கரண்ட் இல்லாத கிராமங்களுக்கு இந்தப் பலகைகளை விற்கிறது. மூலையில் கண்ணாடி வெடித்த ஒன்றை விற்கமுடியாது என்று அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். பகல் முழுக்க வெயில் குடித்து ஒரு கார் பற்றரியை நிரப்பும். மின்வெட்டு நேரம் ஒரு சின்ன பல்ப் எரியும். மண்ணெண்ணெய் மணம் இல்லை. அம்மா அதன் கீழ் அரிசியில் கல் பொறுக்குகிறார், நான் வாசிக்கிறேன். இதற்கே தினமும் நன்றி சொல்லலாம்.

நூலகத்தில் விஞ்ஞான சஞ்சிகை. ஒன்றுமே இல்லை என்று நினைத்த வானத்துண்டு ஒன்றை விண்வெளித் தொலைநோக்கியால் பத்து நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். ஆயிரக்கணக்கான விண்மீன் கூட்டங்கள். வெறும் இருட்டு இல்லை அது. காலி வீதி பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை அதே நினைப்பு. இறங்க மறந்து அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்தேன்.

மார்ச் 13, புதன்

சவர்க்காரம், வெங்காயம், தேங்காய். தேங்காய் மறந்தேன்.

ஹாஜியார் கேட்டதை வீட்டில் சொன்னேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், சொல்லக்கூடாத இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

“ஏன் கேட்டவர்? ஆரும் வந்து அவரிட்டை விசாரிச்சவையோ?” அம்மாவின் முகம் மாறிவிட்டது. “கழட்டு ராசா. இப்பவே கழட்டு.”

“அம்மா, இது வெயில். வெயிலையுமோ தடை செய்துபோட்டாங்கள்?” என்றான் அண்ணா.

“ஊரிலை ரோச்லைற்றுக்குப் போடுற பற்றரிக்கே அரசாங்கம் தடை. நீ எனக்குக் கதை சொல்லாதை.”

“அப்ப உங்கடை பற்றரியளையும் எடுங்கோ. நீங்கள்தானே வீட்டிலை முதல் சோலார் எஞ்சினியர்.”

இது அம்மாவுக்குச் சுட்டுவிட்டது. போன கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர். பற்றரி கிடைக்காத ஊரில், செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து ரேடியோவில் செய்தி கேட்டவர். இங்கே கடைக்குக் கடை புதுசு இருந்தும் யன்னல் விளிம்பில் இன்னும் வரிசையாகக் காயவைக்கிறார். எறிய மனம் வராது.

கடைசியில் அண்ணா கழற்றினான். பற்றரி, பல்ப் எல்லாவற்றோடும் பெட்சீற்றில் சுற்றி அம்மாவின் கட்டிலுக்கு அடியில். பின்னேரம் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்கு. புகை. ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

வெக்கை. மழைக்கு அறிகுறியே இல்லை.

நல்ல செய்தி: ஹாஜியாரின் மகளுக்கு ஆண் குழந்தை! வீடு வீடாகத் தொதல் கொடுத்தார். “நாளைக்கி ஊட்டுக்குக் கொண்டு வாற. அல்லாஹ்ட கிருபை.” கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தொதல் நல்லாயிருக்கு என்று சொன்னேன், வாயில் வைக்கும் முன்னரே.

மார்ச் 16, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பொலிஸ். கொழும்பில் தங்கும் தமிழருக்கான வழமையான பதிவுச் சோதனைதான். அடையாள அட்டைகள் சரி, பதிவு சரி. போகப் புறப்பட்ட சார்ஜன்ட் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

“மேக்க மொக்கத?”

என்ன இது என்று கேட்டதற்கு அண்ணா சிங்களத்தில் எல்லாம் விளக்கினான். சார்ஜன்ட் கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டார்: நல்ல சாமான் என்றால் ஏன் ஒளித்து வைத்தாய்? மாடியில் இருந்தபோது அது விளக்கு. கட்டிலுக்கு அடியில் போனதும் வேறு ஏதோ ஆகிவிட்டது.

அண்ணா, பலகை, பற்றரி, பல்ப் எல்லாம் ஜீப்பில். யன்னலில் காய்ந்த செத்த பற்றரிகளையும் அள்ளிக்கொண்டார்கள். அம்மா சுளகோடு வாசலில் நின்றார். அழவில்லை.

படி ஏறி ஓடினேன். ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், செவ்வாய்க்கிழமை சொல்லாததையும் சேர்த்து.

“அட ரப்பே! எனக்கும் ஒண்டு வேணும் எண்டுதானே கேட்ட! பச்சப் புள்ள வந்த ஊட்டுல மண்ணெண்ணப் புகையா?” சாரத்துக்கு மேல் சேர்ட்டை மாட்டினார், தொப்பியைத் தேடினார். “வாங்க புள்ள, போற.”

பொலிஸ் நிலையத்தில் மரவாங்கில் உட்கார்ந்திருந்தோம். கனநேரம். பிறகு அண்ணா இருந்த உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். ஹாஜியார் சார்ஜன்டிடம், பலகை பகிரங்கமாக மாடியில் இருந்ததையும், அதைத் தானே கண்டதையும், தான் கேட்டதால் இந்தப் பிள்ளைகள் பயந்து ஒளித்ததையும் சிங்களத்தில் சொன்னார். பாதிக் கதையில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. அந்த உள்ளறைக்கு யன்னல் இல்லை.

“அப்படியென்றால் எரிய வைத்துக் காட்டு” என்றார் சார்ஜன்ட்.

அண்ணா தடவித் தடவி வயரைப் பூட்டினான். கழற்றி மூன்று நாள். பற்றரி இறங்கியிருந்தால்?

எரிந்தது.

யாரோ சிரித்தார்கள். சார்ஜன்ட் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். “அபே கமே தாம லயிட் நே” என்றார் மெதுவாக. அவருடைய கிராமத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லையாம். மழைக்காலத்திலும் எரியுமா என்று கேட்டார். அண்ணா, கைதி என்பதை மறந்து, கம்பனியில் பேசுவதுபோல விளக்கத் தொடங்கினான்! ஹாஜியார் என் பக்கம் குனிந்து, “போதும் எண்டு சொல்லுங்க, விட்டா இண்டைக்கு இங்கதான் படுக்க வேண்டி வரும்” என்றார்.

இருட்டுமுன் அண்ணாவை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அம்மா அண்ணாவின் கன்னத்தைத் தடவினார். பிறகு கேட்டார்: “என்ரை பற்றரியள்?”

மார்ச் 17, ஞாயிறு

நன்றி: ஹாஜியாருக்கு. இறங்காத பற்றரிக்கு. மூன்று பேரும் ஒரே அறையில் படுத்ததற்கு. மேல்வீட்டில் குழந்தை அழும் சத்தத்துக்கு.

மார்ச் 24, ஞாயிறு

மழை! கொஞ்சம்தான்.

ஹாஜியார் வாங்கிய புதுப் பலகையை அண்ணா மாடியில் பூட்டினான், தெருவில் இருந்து பார்த்தாலே தெரியும் இடத்தில். ஒரு வயர் குழந்தையின் அறைக்கு, ஒன்று எங்களுக்கு. இன்று அந்த வெளிச்சத்தில் திரும்ப வாசித்தேன்.

பாண் வாங்கப் போகும்போது பார்த்தேன். பொலிஸ் நிலைய வாசல், காவலரணின் மணல்மூட்டைகளுக்கு மேல் எங்கள் பழைய பலகை. வெடித்த மூலை தெரிகிறது. திருப்பித் தரவில்லை.