மின்சாரம் தங்கும் இடம்

1952 ஆகஸ்ட் 5, செவ்வாய். ஜாசின்.

காலையிலிருந்து தூறல். பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. அக்காவின் பிரசவத்துக்கு உதவியாக வந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து திரும்ப ரப்பர் எஸ்டேட்டுக்கு அழைத்துப்போகிறாராம். பால்வெட்ட ஆள் குறைவு. கங்காணி என் பெயரைச் சொன்னாராம்.

போக மனமில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டின் முன்பக்கம்தான் அத்தானின் ரேடியோ கடை. பாப்பா தூங்கும்போது ரெசிஸ்டர்களைப் பிரித்து வைப்பேன். குட்டிக் குச்சிகள், மேலே வண்ணக் கோடுகள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம். நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த எழுத்து மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டது.

ஓம் என்றால் என்ன? கேட்க வெட்கம். அக்கா கேட்டாள்.

“ஓம்னா ஓம்தான்லா. பிள்ளையார் பக்கத்துல வெச்சுக் கும்பிடு,” என்றார் அத்தான். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: மின்சாரத்தை எவ்வளவு மறிக்கிறது என்பதன் அளவு.

ஆக. 6, புதன்.

நல்ல வெயில். துணி காய்ந்தது. பாப்பாவுக்கு லேசாகச் சளி.

இன்று பிடித்தவை: ரேடியோ வால்வின் கண்ணாடிக்குள் தெரியும் ஆரஞ்சு வெளிச்சம். அதன் உச்சியில் வெள்ளிப் பூச்சு. கண்ணாடி கீறிக் காற்றுப் புகுந்தால் வெளுத்துவிடுமாம். மைக்கா. வெங்காயத் தோல்போல உரிகிறது, அந்தப் பக்கம் தெரிகிறது, ஆனால் மின்சாரத்தை விடாது. எவ்வளவு மெல்லியது! எவ்வளவு பிடிவாதம்!

ஆக. 7, வியாழன்.

பெரிய முட்டாள்தனம்.

ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் இரும்பின் ஒயர் ஓரிடத்தில் தோலுரிந்து கிடந்தது. சுற்றுகிற டேப் தீர்ந்துவிட்டது. எஸ்டேட்டிலிருந்து நான் கொண்டுவந்த புட்டியில் ரப்பர்பால் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் செருப்பு, புத்தகம், பட்டம் எல்லாம் அதில்தான் ஒட்டுவோம். ரப்பர் மின்சாரத்தை விடாதல்லவா? தடவிவிட்டேன். உடனே பிளக்கையும் மாட்டி, ஒயரைப் பிடித்தேன்.

கை வெடுக்கென்று உதறியது. முழங்கைவரை மரத்துப்போயிற்று.

“காயலியே புள்ள! பால்ல பாதிக்கு மேல தண்ணி,” என்று பிளக்கைப் பிடுங்கினார் அத்தான்.

அக்கா: “பால்வெட்டுக்காரி மவ பாலாலயே போயிருப்பா.”

ஈரமாக இருந்தால் விடுகிறது. காய்ந்தால் மறிக்கிறது. ஒரே பொருள்தான். சின்ன வயதிலிருந்து வாளி வாளியாய்ச் சுமந்திருக்கிறேன், இது தெரியாமல்.

ஆக. 9, சனி.

நாளை அப்பா. என் பையை இன்னும் கட்டவில்லை.

ஆக. 10, ஞாயிறு.

அப்பா காலை பஸ்ஸில் வந்தார். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதோ என்று பையைத் தடவினார்களாம்.

“கெளம்பு புள்ள. ஆறு மணிக்கு எஸ்டேட் கேட்ட சாத்திருவான்.”

“இருக்கட்டுமேப்பா, கடைக்கும் கை ஒத்தாசை,” என்றாள் அக்கா.

“கம்பியும் ஒயருமா கெடக்குற எடம். நேரமும் சரியில்ல. மாத்தா-மாத்தா போலீசு வந்து கேட்டா இந்த ஊமை என்னா பதில் சொல்லும்?”

நான் சுவரைப் பார்த்து நின்றேன். அப்பா முன்னால் எப்போதும் இப்படித்தான்.

அத்தான் ஒரு பெரிய ரேடியோவை அப்போதுதான் அணைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பின்மூடி திறந்திருந்தது. “இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?” என்று அப்பா குனிந்து விரலை நீட்டினார்.

“அப்பா! கைய எடுங்க!”

கத்தியது நான்தான். தெருவில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“அதான் அணைச்சாச்சே.”

“அணைச்சாலும் இருக்கும்ப்பா. இந்தத் தகர உருளை கண்டென்சர். மின்சாரத்த வாங்கி வெச்சுக்கும். வால்வு செத்துப்போச்சு, வெளிய போக வழியில்ல. அதான் உள்ளயே நிக்குது. தொட்டா தூக்கி அடிச்சிரும்.”

மரப்பிடி ஸ்குரூடிரைவரால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டேன். டப். நீலப் பொறி. அப்பா ஓரடி பின்னால் போனார்.

வாசற்படியில் அத்தான், ஈரக் கையோடு.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். மோர் ஊற்றினேன். “வழி இல்லாட்டி உள்ளயே நிக்குமா?” என்றார். “ஆமாப்பா.”

மூன்று மணி பஸ். செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவிடம்: “இவளோட மிச்சப் பாவாட சட்டைய அடுத்த வாரம் யார்கிட்டயாச்சும் குடுத்து வுடுறேன். கங்காணிகிட்ட நான் பேசிக்கிறேன்.”