டிரம்மில் இறங்கிய பரக்கத்

ஜனவரி 4, ஞாயிறு

நீயே நியாயம் சொல்லு நோட்டுப் புத்தகமே. டீசலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி தொழ முடியுமா? பூண்டு தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வராதே என்று சொன்ன மார்க்கம் இது. நாற்றம் இருக்கிற இடத்துக்கு வானத்து மலக்குகள் வருவார்களா?

மாஹிருக்கு இது புரியவில்லை. என்னோடு இருக்கிற வஹீத் அண்ணனின் மகன், நல்ல பிள்ளை, இத்லிப் நகரத்தில் கடை வைத்திருக்கிறான். போரில் இடிந்த எங்கள் வீட்டின் வாசலில் இந்தக் கேரவனைக் கொண்டுவந்து இறக்கியவனும் அவன்தான். சக்கரம் கிடையாது, பெயர்தான் கேரவன். தகரச் சுவர், ஒரு ஜன்னல், நடுவில் டீசல் அடுப்பு. இன்று டிரம் நிறைய டீசல் கொண்டுவந்தான்.

"கதவுக்குப் பின்னால வைங்க மாமி. வெளிய வச்சா மழை இருக்கு, திருட்டு இருக்கு."

"நான் தொழுற இடம்டா அது."

"நீங்க தொழாத மூலை எது, சொல்லுங்க, அங்க வைக்கிறேன்."

வெளியேதான் வைக்கச் சொன்னேன். பழைய அடுக்களையில் ஒரு துண்டுக் கூரை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதன் கீழே. டிரம்மின் வாய் வழியாக ரப்பர் குழாயை விட்டான், சுற்றிலும் நான் துணியை அடைத்தேன். கைப்பம்பை அமுக்கினால் அடுப்பின் சின்னத் தொட்டிக்குத் தேவையானது வந்துவிடும். குழாய் கொஞ்சம் குட்டை. பாதி டிரம்வரைதான் போகும். அப்புறம் நீளமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

போகும்போது சொல்லிவிட்டுப் போனான்: "பனிக்காலம் முழுக்க இதுதான் மாமி. அத்தா நெஞ்சு சரியில்ல. இது தீர்ந்த அன்னைக்குப் பிக்கப் எடுத்துட்டு வந்து ரெண்டு பேரையும் டவுனுக்கு ஏத்திட்டுப் போயிருவேன். மறுபேச்சு கிடையாது."

பதின்மூன்று பனிக்காலம் அடுத்தவன் நிலத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தேன். இப்போதுதான் என் வாசலில் என் ஒலிவ மரத்தைப் பார்த்துக் கண் விழிக்கிறேன். நான் போக மாட்டேன். டிரம் தீரக் கூடாது. அவ்வளவுதான்.

ஜனவரி 7

குளிர். தொழுகைக்குக் கழுவி ஒளூ செய்த கையை இன்னும் மடக்க முடியவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

உம்மு ஹய்யான் வந்தாள். பக்கத்துக் கேரவன்காரி. புருஷன் லெபனானில் கட்டட வேலை, இங்கே இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அவள் மட்டும். கையில் ஒரு டீ கிளாஸ்.

"மாமி, விறகு ஈரம். பத்த மாட்டேங்குது, புகைதான் வருது. ஒரு கிளாஸ் டீசல் ஊத்துனா பிடிச்சுக்கும்."

இல்லை என்று சொல்லிவிட்டேன். "எங்களுக்கே பத்தாதும்மா, அண்ணன் நெஞ்சு..." என்று இழுத்தேன். சரி மாமி என்று போய்விட்டாள். வெறும் கிளாஸைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

வஹீத் அண்ணன் படுக்கையிலிருந்தபடியே, "தொழுகைக்கு டீசல் வாசம் ஆகாதுன்னே. மனசுக்கு மட்டும் ஆகும்போல" என்றார்.

இந்த மனுஷர் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போவதே ஊர் வம்பு கேட்கத்தான். எனக்குப் புத்தி சொல்கிறார். ஆனாலும் அந்த வெறும் கிளாஸ்தான் கண்ணில் நிற்கிறது.

ஜனவரி 15

மழை. நேற்றும் மழை. தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் நான் ஓதுவது எனக்கே கேட்கவில்லை. தினமும் விடியற்காலை சுப்ஹு தொழுகைக்குப் பிறகு டிரம்மின் பக்கத்தில் போய் நின்று ஓதி ஊதிவிட்டு வருகிறேன். அல்லாஹ்தான் காக்க வேண்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மழை விட்டது. டிரம்மில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம் என்று விளக்குமாற்றின் நீளமான கைப்பிடிக் குச்சியை விட்டேன். முதல் நாளே டீசல் நனைத்த மட்டத்தில் குச்சியில் நூல் கட்டி வைத்திருந்தேன். நூல் நனைந்து வந்தது! இரண்டு வாரமாக எரிக்கிறோம், ஒரு விரல்கூடக் குறையவில்லை. மறுபடி விட்டேன். மறுபடியும் நூல் நனைந்தது. அல்லாஹு அக்பர் என்று கத்திவிட்டேன்.

அண்ணன் போர்வையோடு ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்தாராம்.

"அண்ணே, பரக்கத்! ஓதி ஊதுனேன்ல, பரக்கத் இறங்கியிருக்கு, எடுக்க எடுக்கக் குறையல!"

குச்சியை வாங்கி அவரும் விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கேலி செய்வார் என்றுதான் நினைத்தேன், உலகத்தில் அவர் கேலி செய்யாத பொருள் ஒன்று உண்டா? செய்யவில்லை.

"மாஷா அல்லாஹ்னு சொல்லு நஜாஹ்" என்றார். "கண்ணு பட்டுடும்."

அந்த நாக்கிலிருந்து இந்த வார்த்தை. அதுவே தனி அதிசயம்.

ஜனவரி 20

பள்ளி இமாம் ஃபவ்வாஸிடம் சொன்னேன். ரொட்டி வாங்கப் போன இடத்தில் நின்றவர்களிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? இமாம் தாடியைத் தடவிக்கொண்டு, "பரக்கத்தை அளக்கக் கூடாதும்மா. அளந்தா எழுந்து போயிடும்னு பெரியவங்க சொல்வாங்க" என்றார்.

வந்ததும் முதல் வேலையாகக் குச்சியை உடைத்தேன். இனி அளக்கப் போவதில்லை.

உம்மு ஹய்யானுக்கு ஒரு கேன் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். "கிளாஸ்தான மாமி கேட்டேன்" என்றாள்.

"அளக்காத. அளந்தா போயிடும்."

ஜனவரி 27

பள்ளி அடுப்புக்கு ஒரு கேன். பாங்கு சொல்கிற மோதினார் அபூ ஸக்கூர் கிழவருக்கு ஒன்று. உம்மு ஹய்யானுக்கு இன்னொன்று. டீசல் தொட்டுத்தான் ஈர விறகையே பற்ற வைக்கிறாள். புகை குறைந்திருக்கிறது, சின்னவனின் கண் தெளிந்திருக்கிறது. நான் போனால் பிள்ளைகள் "டீசல் மாமி" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். இந்தக் காலத்தில் எனக்கு இப்படி ஒரு பேர். சிரிப்பு வருகிறது.

பம்பை அமுக்கினால் டீசல் வந்துகொண்டே இருக்கிறது. மழையும் பெய்துகொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

நாற்பது நாள் குளிர் முடிந்து, அறுப்பு ஸஅத் நேற்றுத் தொடங்கியது. இந்தப் பன்னிரண்டு நாள்தான் கொல்கிற குளிர். ஸஅத் என்கிற வழிப்போக்கன் பனியில் மாட்டி, தன் ஒட்டகத்தை அறுத்து அதன் வயிற்றுக்குள் ஒளிந்து பிழைத்தானே, அவன் பேரால்தான் இந்த நாட்களைச் சொல்வது.

"அவனுக்கு ஒட்டகம் இருந்துச்சு" என்றார் அண்ணன். "நமக்கு அறுக்க என்ன இருக்கு? உன் நாக்குதான். அதுக்குள்ள ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம்."

ஒன்று கவனித்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் இவர் அடுப்பைக் குறைத்துவிடுகிறார். வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்றால், "சூடு இருமலைக் கிளப்புது" என்கிறார். சூடு எந்த ஊரில் இருமலைக் கிளப்பியது? நான் கூட்டி வைப்பேன், அவர் குறைப்பார். பரக்கத் இறங்கிய வீட்டில் இப்படியும் ஒரு கஞ்சத்தனம்.

பிப்ரவரி 9, திங்கள்

தண்ணி.

வெறும் தண்ணி வருது. விடியக்காலை அடுப்பு படபடன்னு துப்பிச்சு, அணைஞ்சுபோச்சு. தொட்டியத் தொறந்தா தண்ணி. பம்பை அமுக்குனேன், கிண்ணத்துல பிடிச்சேன், அடியில பாத்தா கிண்ணத்தோட பூ தெரியுது. அவ்வளவு தெளிவு. மேல மட்டும் மயில் கழுத்து மாதிரி ஒரு பளபளப்பு.

அண்ணன் வந்து பார்த்தார். தொங்குகிற கூரையின் நுனியைக் காட்டினார். அங்கிருந்து சொட்டு நேராக டிரம்மின் தலைக்கு. அங்கே தேங்கி, குழாயைச் சுற்றி நான் அடைத்த துணி வழியாக உள்ளே. "தண்ணி கனம், கீழ போயிடும். டீசல் மேல மிதக்கும். மேல இருந்ததை நாம எடுத்துட்டே இருந்தோம்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கேலியும் இல்லை. அதுதான் வலித்தது.

பரக்கத்தாம். மழையை அளந்திருக்கேன் நான். நூல் கட்டி.

ஊர் முழுக்கச் சொல்லிட்டேனே. யா அல்லாஹ், எந்த முகத்தோட ரொட்டிக் கடைக்குப் போவேன்?

பிப்ரவரி 10

வெளியே போகவில்லை. மாஹிருக்கு ஃபோன் செய்தோம். வியாழக்கிழமை வருகிறேன் என்றான். திட்டவில்லை. "நல்லதாப் போச்சு மாமி" என்றான். நல்லதா?

அண்ணன் இருமுகிறார். இருக்கிற போர்வையெல்லாம் அவர் மேல்தான்.

பிப்ரவரி 11

துணிகளை மூட்டை கட்டினேன். ஒலிவ மரத்தின் பக்கம் திரும்பவில்லை. தொழுதுவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் உம்மு ஹய்யான் வந்து நின்றாள். பரக்கத்தைப் பற்றி ஏதாவது சொல்வாளோ என்று தலை குனிந்திருந்தேன். அவள் மூட்டையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். நேராகப் போய் அவர் கால்மாட்டு மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்ற?"

"என் விறகு இப்ப காஞ்சு கெடக்கு மாமி. உங்க டீசல்ல எரிஞ்ச அடுப்பைச் சுத்தி அடுக்கி வச்சதுதான், எல்லாம் சுக்கா ஆயிடுச்சு. பகல்ல ரெண்டு பேரும் என்கிட்ட இருங்க. படுக்க மட்டும் இங்க வாங்க."

"என் மருமகன் பிக்கப்போட வர்றானே..."

"வரட்டும். ஏத்தணும்னா என் வீட்டுலேர்ந்து ஏத்தட்டும், பாக்கலாம்." வாசல் தாண்டித் திரும்பினாள். "ஒரு கிளாஸ் கேட்டதுக்கு இல்லைன்னீங்க. கேக்காம கேன் கேனாத் தந்தீங்க. கணக்கே தெரியாத பொம்பளை நீங்க. வாங்க பெரியப்பா."

அண்ணன் எழுந்தார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பின்னால் போனார். நான் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

மாஹிர் மதியம் வந்தான். அபூ ஸக்கூர் கிழவரும் வந்திருந்தார். அவருக்குக் கொடுத்த கேனில் பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தார். "கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டேன்மா, பரக்கத்து டீசலாச்சே, தீந்துடக் கூடாதுன்னு" என்றார். எனக்குச் சிரிப்பதா, பூமிக்குள் போவதா என்று தெரியவில்லை. உம்மு ஹய்யானின் அடுப்பைச் சுற்றி எல்லோரும் பருப்புக் கஞ்சி குடித்தோம். மாஹிர் அவன் அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் மடியில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அத்தா, போலாமா?"

"பிள்ளை முழிச்சுக்கும்டா" என்றார் அண்ணன்.

காலி வண்டியோடு போனான். வண்டிக்கு வைத்திருந்த ஒரு கேன் டீசலை மட்டும் இறக்கிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 14

கேனைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். தொழும்போது வாசம் வருகிறது. வரட்டும். மலக்குகளும் மழைக்கு எங்கே போவார்கள்?

பிப்ரவரி 23, திங்கள்

உம்மு ஹய்யானின் வாசல் வாதுமை மரத்தில் மொட்டு விட்டிருக்கிறது. நாளை மறுநாள் மரத்தில் நீர் ஏறுகிற அடுத்த ஸஅத் நாட்கள் பிறக்கின்றன. குளிர் இருக்கிறது, ஆனால் பல் போன கிழவி திட்டுவது மாதிரிதான். அண்ணனின் இருமல் குறைந்திருக்கிறது. அடுப்பை ஏன் குறைத்துக் குறைத்து வைத்தீர்கள் என்று இன்றும் கேட்டேன். "நீ பேசுற சூடே போதாதா" என்கிறார்.

கேனைத் துடைத்தேன், கையில் டீசல் பிசுக்கு. சோப்புப் போட்டும் போகவில்லை. விரலைத் தேய்த்துத் தேய்த்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு, பரக்கத் என்று நான் குதித்த அன்றைக்கு, அண்ணன் குச்சியை வெளியே எடுத்ததும் அதன் நுனியில் டீசல் மாதிரி வழியாமல் முத்து முத்தாக நின்றதை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தார். மூக்கின் பக்கம் கொண்டுபோனார். சுவரில் துடைத்தார். அதற்குப் பிறகுதான் மாஷா அல்லாஹ் சொல்லச் சொன்னார்.