குச்சியில்லாத பட்டம்

16-8-1986, சனி

சக்கரப் பலகையில் உட்கார்ந்தால் ஆளையே இழுத்துப் போகும் என்று நானும் சரோஜாவும் தைத்த குச்சியில்லாத பட்டம், இன்று எழும்பவே இல்லை. பள்ளித் திடலில் நல்ல காற்றுதான். காற்று புகுந்து உப்ப வேண்டிய அதன் துணிப்பைகள் தொங்கிக் கிடந்தன. கட்டிய மனைவி என்றும் பாராமல், "ஒன் தையல்தான் கோளாறு!" என்று எல்லார் எதிரிலும் கத்தினேன்.

சரோஜா பட்டத்தைத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். கொழுந்து வாட்டும் பெரிய விசிறிக்கு முன் பிடித்தாள். ஓரப் பைகள் உப்பின. நடுவில் நான்கு அசையவில்லை.

"இங்க பாருங்க, காத்து போற வாயத் தச்சு வச்சிருக்கீங்க."

அந்த நான்கும் நான் தைத்தவை. தினமும் தேயிலை மூட்டை தைக்கிற கை, பழக்கத்தில் வாயையும் மூடிவிட்டது.

இப்போது பிளேடால் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்கு மொதல்ல நான்தான் ஒக்காருவேன்லா."

பட்டம் அவளை இழுக்கும், சந்தேகமில்லை. மன்னிப்புதான் இன்னும் கேட்கவில்லை.