அவரும் சிப்பாய் என்றால்

தனுஜா அப்பாவுக்கு,

உங்கள் மருத்துவ ஓய்வுப் பத்திரத்தில் கோப்ரல் என்று போடாமல் சாதாரண சிப்பாய் என்று எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தச் சொல்லி நீங்கள் மேன்முறையீடு செய்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. கால் போன பிறகு பட்டம் எதற்கு என்று கேட்டேன்.

நேற்று மடுல்சீமையிலிருந்து, உங்களுக்குக் கீழ் சிப்பாயாக இருந்த கஜேந்திரனின் அம்மா வந்தார். பத்திரத்தில் உள்ளதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரும் வெறும் சிப்பாய்னா, மண்ணு சரிஞ்ச தோட்டத்து லயத்து வீட்டுக்குள்ள எம்மகன யாரு போகச் சொன்னா? அவனாவே போயா செத்தான்?"

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

மேன்முறையீட்டை நிறுத்தாதீர்கள். நீங்கள் கோப்ரல் என்று இருந்தால்தான், அவன் உங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போனான் என்று ஆகும். புதுக் கால் பழகியதும் மடுல்சீமைக்குப் போகலாம். அந்த அம்மா முன்னால் நீங்கள் தனியாக நிற்க வேண்டாம்; நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி