உங்கள் பெயருக்குக் கீழே என் விரல்

அக்கா,

இன்று காலை எங்கள் காணிக் கந்தோருக்கு ஆறு பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றைப் பிரித்ததும் அந்த மணம் எழுந்தது. கரியும் எண்ணெயும் கலந்த, தொண்டையில் ஒட்டுகிற மைப்பெட்டி மணம். நான் யன்னலடிக்குப் போய் நின்றுகொண்டேன். "என்ன கிளாக்கர், தலைச்சுத்தோ?" என்று பியோன் கேட்டார். வெயில் என்று சொன்னேன். எனக்குப் பொய் எவ்வளவு லேசாக வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கு விலாசம் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அந்த முதல் மைப்பெட்டி விசுவமடுக் குடியேற்றத்துக்கு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். சிலர் அரசாங்கம் கொடுத்த காணியை இரகசியமாக வெளியாருக்குக் கைமாற்றுகிறார்கள் என்று மேலிடத்துக்கு முறைப்பாடு போயிருந்தது. அதிகாரிகள் வருடத்துக்கொருவர் மாறுவார்கள். அவர்களுக்கு யாருடைய முகமும் தெரியாது. அதனால் காணிப் பெர்மிற் வைத்திருக்கும் எல்லாருடைய பெருவிரல் அடையாளத்தையும் எடுத்து ஒரு பெரிய பதிவு இடாப்பு செய்யச் சொல்லிக் கட்டளை வந்தது. "முகம் ஏமாத்தும், கையெழுத்து ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்று எங்கள் காணி அதிகாரி அடிக்கடி சொல்லுவார். அந்த வேலை என் தலையில் விழுந்தது. நாளொன்றுக்கு நூறு பேர். படிவங்களுக்கு இலக்கம் உண்டு. ஒன்று பழுதானால் அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சங்கக் கட்டிடத்துக்கு முன்னால் வரிசை வளைந்து நின்றது. நீங்கள் முழங்கால்வரை சேற்றோடு வந்தீர்கள். நான் மைப்பெட்டியை நீட்டியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முறைத்தீர்கள்.

"தம்பி, நான் அஞ்சாம் வகுப்புப் படிச்சனான். கையெழுத்து வைக்கிறவளிட்டக் கைநாட்டுக் கேக்கிறீர்!"

"எல்லாருக்கும் ஒரே சட்டம் அக்கா. எனக்கு ஏச்சு வாங்கித் தராதையுங்கோ."

சிரித்துக்கொண்டே விரலைத் தந்தீர்கள். படிவத்தில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது, ரேகை இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். அதே பொட்டு. புருஷன் காய்ச்சலில் போன பிறகு தனியாளாகக் காடு வெட்டி, மண்வெட்டி பிடித்து, மாரி முழுவதும் கிடுகு பின்னிய விரல் அது. அதில் கோடு எங்கே இருக்கப் போகிறது? மூன்றாம் முறையும் பொட்டுத்தான் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"எனக்கு இண்டைக்குத் தண்ணி முறை. மத்தியானத்துக்குள்ள மடையைத் திறக்காட்டி என்ர வயல் காஞ்சு போம். உம்மட விரலை வைச்சு விடும் தம்பி, அதுவும் விரல்தானே."

பகிடியாகத்தான் சொன்னீர்கள். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உங்கள் பொட்டுக்குப் பக்கத்தில் என் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினேன். அழகான ரேகை. இரண்டு பேரும் சிரித்தோம். நீங்கள் மடையைத் திறக்க ஓடினீர்கள்.

அந்தக் கிழமையில் இன்னும் பத்துப் பேருடைய விரல் பதியவில்லை. அவர்கள் போன பிறகு, யாரும் கேட்காமலே, நானாகவே என் விரலை வைத்தேன். மூன்றாவது ஆளுக்குப் பிறகு மனம்கூட உறுத்தவில்லை.

அடுத்த காலபோக விதைப்புக்கு முன்னர் கொழும்பிலிருந்து ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வருகிறார், எல்லாருடைய விரலையும் இடாப்போடு ஒத்துப் பார்க்கப் போகிறார் என்றார்கள். குடியேற்றம் முழுவதும் கலங்கிப் போனது. ஆண்கள் மண்வெட்டியைத் தொடாமல் பத்து நாள் வீட்டில் இருந்தார்கள். பெண்கள் விரலுக்கு நல்லெண்ணெய் பூசிச் சீலைத்துண்டு சுற்றிக்கொண்டார்கள். பயிர் செய்கிறவர்கள் கையைக் காப்பாற்றுவதற்காகப் பயிரை விட்டார்கள். நீங்கள் மட்டும் வரம்பு கட்டிக்கொண்டிருந்தீர்கள். "ஊருக்கே என்னைத் தெரியும், எனக்கென்ன பயம்" என்றீர்கள்.

விசாரணை மேசையில் நான் மைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்காரர் உங்கள் விரலைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், காணி அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார்.

"இது உங்கட விரல் இல்லை" என்றார் அதிகாரி. "ஆருடைய விரல் இது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு கண்வெட்டுத்தான். நான் குனிந்துகொண்டேன்.

"அது என்ர விரல்தான் ஐயா" என்றீர்கள்.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ."

"என்ர விரல்தான்."

அதை அப்படியே வாக்குமூலமாக எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தீர்கள், எழுத்து எழுத்தாக, நிறுத்தி. வெளியே வந்ததும் என் பக்கமாகச் சரிந்து, "வாயைத் திறவாதையும். உமக்கு வேலை போனா உம்மட கொம்மா என்ன செய்வா? இவையள் ஒரு கிழமையிலை சரிப்படுத்துவினம்" என்றீர்கள். அந்த நேரத்திலும் என் அம்மாவை நினைத்தீர்களே அக்கா. உங்கள் மகளை நான் நினைக்கவில்லை. அந்த மூன்று ஏக்கரைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை என்று தெரிந்தும் நினைக்கவில்லை.

பதினொரு படிவத்திலும் ஒரே ரேகை என்று அறிக்கை வந்தது. ஒரே ஆள், பதினொரு பெயரில், பதினொரு காணி பிடித்திருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். பொலிசும் தேடியது. அவன் காட்டுப் பாதையால் சைக்கிளில் போனதைக் கண்டதாகச் சிலர் சத்தியம் செய்தார்கள். பின்னேரமானால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். தேநீர்க் கடையில் அவனைப் பற்றிக் கதை நடக்கும்போது நானும் தலையாட்டினேன். ஒருநாள், "ஆள் நல்ல உயரமாம்" என்றுகூடச் சொன்னேன்.

மற்றப் பத்துப் பேரும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது, எங்கோ பிழை நடந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். மனுமேல் மனுப் போட்டு, மூன்று போகம் அலைந்து, காணியைத் திருப்பி எடுத்தார்கள். உங்களால் முடியவில்லை. நீங்கள் ஒருவர்தான் அது உங்கள் விரல் என்று வாக்குமூலம் கொடுத்தவர். அதனால் அந்தக் கள்ளனுக்கு உடந்தை என்று உங்கள் பெயரில் கோப்புத் திறந்தார்கள். கிராமத் தலைமைக்காரரான விதானையார் வந்து, "இவாவைப் பத்து வருசமாய் எனக்குத் தெரியும்" என்று சொன்னார். அது சான்று ஆகாதாம்.

அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. உங்களோடு ஒன்றாகக் காடு வெட்டியவர்களே கிணற்றடியில் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள். "உண்மையிலை அவா ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?" உங்கள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்ட வாய்கள். உங்களைப் பார்த்தால் தங்கள் விரலுக்கும் அந்தத் தோஷம் தொற்றிவிடும் என்பதுபோல ஒதுங்கினார்கள். நெல் பால் பிடிக்கிற நேரத்தில் உங்களை வெளியேற்றினார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு நெளுக்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வளவுக்குப் போனீர்கள். பிறத்தியார் வயலில் களை பிடுங்கினீர்கள். இரண்டு வருடத்தில் போய்விட்டீர்கள். விதானையார்தான் வந்து சொன்னார். நான் செத்தவீட்டுக்கு வரவில்லை. வர முகம் இருக்கவில்லை.

எங்கள் இடாப்பு பெரிய வெற்றி என்று அறிக்கை போயிருக்கிறதாம். பதினொரு களவு பிடிபட்டதே, வேறென்ன வேண்டும்? அதனால்தான் இந்த ஆறு பெட்டிகளும். ஒன்று எங்களுக்கு, மற்ற ஐந்தும் நாளைக்கு முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் போகின்றன. கடலோரத்து ஆட்களுடைய விரல்களை நான் கண்டிருக்கிறேன் அக்கா. வலைக்கயிறு அறுத்து அறுத்து, உப்பில் ஊறி, உங்களுடையதைவிட மோசமான விரல்கள். அங்கேயும் என்னைப்போல ஒரு கிளாக்கர் இருப்பான். அவனுக்கும் நாளொன்றுக்கு நூறு பேர் என்று சொல்லியிருப்பார்கள்.

இந்த முறை கந்தோர்க்காரரும் விரல் வைக்க வேண்டும் என்று கட்டளை. இன்று காலை முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பயத்தோடு ஒரு ஆறுதலும் வந்தது. நன்றாக அழுத்தினேன். புதிதாக வந்திருக்கும் அதிகாரி படிவத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பாத்தீங்களோ, ரேகை எண்டால் இப்பிடி இருக்கவேணும்." பிறகு அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு கையெட்டும் தூரத்தில், அடுத்த தட்டில், உங்கள் கோப்பு இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. முடிந்த கோப்பை ஒருவரும் திறப்பதில்லை.

அவர்களாகக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. மத்தியானம் உட்கார்ந்து மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதி, காணி உங்கள் மகளுக்குச் சேர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வேலை போகும், சிறை மறியலும் வரலாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. மனுவின் அடியில் நான் கையெழுத்து வைக்கவில்லை அக்கா. பெருவிரலை வைத்திருக்கிறேன், ஒவ்வொரு கோடும் தெரிய. தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இவ்வளவு காலமும், கண்ணாடியை வைத்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். பார்க்காமலே விட்டுவிடுவார்களோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.