முப்பத்தேழால் பெருக்கினால்

10 ஜூன் 2011, வெள்ளி

காலையில் முதல் வேலையாக, எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தட்டையும் தம்ளரையும் கழுவி மற்ற பாத்திரங்களோடு அடுக்கினேன். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுத்துவிட்டு, யாரிடமும் நெருங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன நாட்கள் நேற்றோடு முடிந்தன. நெருங்குவதற்கு இந்த வீட்டில் வேறு ஆளும் இல்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கூப்பிட்டார். அடுத்த வாரம் லீவில் வருவதாக இருந்தது. மருத்துவமனைச் சீட்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“மூவாயிரத்து எழுநூறா? போன தடவ நூறுதானேட்டி?”

“அது மில்லிகியூரி, இது மெகாபெக்கரல். ரெண்டும் ஒரே அளவுதான்.”

“எனக்கு அந்தக் கணக்கொண்ணும் பிடிபடாது. இனி கரண்டு போனாலும் வீட்டுல வெளிச்சத்துக்குப் பஞ்சமில்ல,” என்று சிரித்தார். “டிக்கெட்ட மாத்துகேன். கிறிஸ்துமசுக்கு வாறேன்.”

சரி என்றேன்.

எண்ணெய்க் குழாய்களின் வெல்டிங்கைக் கதிரியக்கப் பெட்டி வைத்துப் படமெடுப்பதுதான் பதினாறு வருடமாக அவருடைய வேலை. பெட்டியிலுள்ள கதிரியக்கத்தின் அளவைக் கியூரியிலிருந்து பெக்கரலுக்கு மாற்றித் தினமும் பதிவேட்டில் எழுதுகிறவர். போன சிகிச்சைக்கு வந்திருந்தபோது, முப்பத்தேழால் பெருக்கினால் போதும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

அதை நினைவூட்டியிருக்கலாம். ஆனால் அவர் வேறு காரணம் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

சீட்டின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

அடுத்த வெள்ளியும் கூப்பிடுவார். பேசுவேன். எப்போது வருகிறீர்கள் என்று இனி கேட்கப்போவதில்லை.